காசில் பிழை காணல்: அச்சு வேறுபாடுகளையும் அடிப்புப் பிழைகளையும் இனங்காணும் முறை

1.0 முன்னுரை

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் ஒரு காசைக் கொண்டுவந்து காட்டினார். அதன் இருபுறமும் தலை உருவமே இருந்தது. நாணயச் சாலையில் நேர்ந்த அரிய பிழை என்று கூறப்பட்டதை நம்பி, ஒரு மாத ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை அதற்கு விலையாக அவர் கொடுத்திருந்தார். உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் விளிம்பை ஒட்டி உட்புறமாக மெல்லிய வட்டக் கோடு ஒன்று தென்பட்டது. ஒரு காசின் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, சுற்றளவு குறைக்கப்பட்ட மற்றொரு காசை அதனுள் பொருத்தியிருந்தனர். நாணயச் சாலைக்கும் அப்பிழைக்கும் தொடர்பில்லை.

இழந்த பணத்தைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசவில்லை. “ஏட்டுச் சுவடியில் ஒரு பிழையைக் கண்டால், அது மூலத்தில் இருந்ததா, படியெடுத்தவர் செய்ததா, செல்லரித்ததால் வந்ததா என்று கேட்கப் பழகியவன் நான். காசைப் பார்த்து அக்கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே” என்றார்.

காசில் காணப்படும் பிழையை ஆராய்வோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவேயாகும். பிழை எத்தகையது என்று கேட்பதற்கு முன், அஃது எப்போது நேர்ந்தது என்று கேட்க வேண்டும். அச்சு உருவானபோதோ அச்சுப் பழுதுற்றபோதோ நேர்ந்ததா? காசு அடிக்கப்பட்ட வேளையில் நேர்ந்ததா? அன்றிக் காசு நாணயச் சாலையை விட்டு வெளியேறிய பின்னர் நேர்ந்ததா? இம்மூன்று காலங்களையும் பிரித்தறியும் முறையை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காசு சேகரிப்போர்க்கு இவ்வறிவு பொருளிழப்பைத் தவிர்க்கும். காசுகளைச் சான்றாகக் கொண்டு வரலாறும் எழுத்தியலும் எழுதுவோர்க்கு இதன் தேவை இன்னும் மிகுதி என்பதையும் இறுதியில் காண்போம்.

2.0 காசு உருவாகும் படிநிலைகள்

பிழையின் காலத்தை அறிவதற்குக் காசு உருவாகும் முறையை அறிதல் வேண்டும். இக்கால நாணயச் சாலைகளில், காசில் காணப்படும் உருவத்தைப் போன்றே மேடாக அமைந்த எஃகுத் துண்டு ஒன்று முதலில் ஆயத்தம் செய்யப்படுகிறது. இதனைத் தாயச்சு என்று இக்கட்டுரையில் குறிப்போம். தாயச்சை மற்றோர் எஃகுத் துண்டின் மீது பெரும் விசையுடன் அழுத்தும்போது, உருவம் அதில் பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதிகிறது. இதுவே காசடிக்கும் அச்சு. முன்பக்கத்திற்கு ஒன்றும் பின்பக்கத்திற்கு ஒன்றுமாக இரண்டு அச்சுகள் எந்திரத்தில் பொருத்தப்படுகின்றன.

மற்றொரு புறத்தில் உலோகப் பாளத்திலிருந்து வட்டமான வெற்று வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றின் ஓரத்தை உருட்டி அழுத்திச் சற்றே மேடாக்குவர். பின்னர் ஒவ்வொரு வில்லையும் ஒரு வளையத்திற்குள் அமர, இரண்டு அச்சுகளும் அதனை மேலும் கீழுமாக அழுத்துகின்றன. உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி உருவமாகிறது. வளையம் அதனைப் பக்கவாட்டில் பரவவிடாமல் தடுத்து விளிம்பை அமைக்கிறது.

பண்டைக்காலத்தில் எந்திரமும் வளையமும் இல்லை. பட்டடையில் ஓர் அச்சைப் பதித்து, அதன்மேல் வில்லையை வைத்து, மற்றோர் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். அச்சுகளும் ஒவ்வொன்றாகக் கையால் செதுக்கப்பட்டன. ஆகவே பண்டை அச்சுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. ஓர் அச்சினால் பல காசுகள் அடிக்கப்படுகின்றன. பண்டை அச்சொன்றால் ஆயிரக்கணக்கான காசுகளும், இக்கால அச்சொன்றால் இலட்சக்கணக்கான காசுகளும் அடிக்க இயலும். எனவே அச்சில் உள்ள பிழை அவ்வச்சினால் அடிக்கப்பட்ட காசுகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தோன்றும். இதனை அச்சு வேறுபாடு என்பர். அடிக்கும் வேளையில் நேரும் பிழையோ அந்த ஒரு காசோடு முடிந்துவிடும். இதனை அடிப்புப் பிழை எனலாம்.

3.0 மேடும் பள்ளமும்: அடிப்படை விதி

அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாக இருப்பது காசில் பள்ளமாகும். எளிய உண்மையாயினும், பெரும்பாலான ஐயங்களை இது தீர்த்துவிடும்.

அச்சில் விரிசல் ஏற்பட்டால் அவ்விரிசலுக்குள் உலோகம் ஏறும். ஆகவே காசில் அஃது ஒழுங்கற்ற மெல்லிய மேட்டுக் கோடாகத் தோன்றும். விரிசல் முற்றி அச்சின் ஓரத்துண்டு ஒன்று உடைந்து விழுந்தால், காசின் அவ்விடத்தில் உருவமற்ற உலோகத் திட்டு எழும்பி நிற்கும். இதற்கு மாறாக, காசின் மீது விழுந்த கீறல், வெட்டு, மோதல் ஆகியன பள்ளமாகவே அமையும். பள்ளத்தின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட உலோகம் சிறு வரப்பாக நிற்பதையும் காணலாம். ஆகவே காசில் ஒரு கோட்டைக் கண்டவுடன், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச்செய்து, அக்கோடு மேடா பள்ளமா என்று நோக்குதல் வேண்டும்.

சில வேளைகளில் வில்லை எதுவும் இல்லாமலே இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதுண்டு. அப்போது ஓர் அச்சின் உருவச்சுவடு மற்றோர் அச்சில் பதிந்துவிடும். பின்னர் அடிக்கப்படும் காசுகளின் வெற்றிடத்தில், மறுபக்கத்து உருவத்தின் வெளிக்கோடுகள் இடவலம் மாறிய நிலையில் மங்கலாகத் தோன்றும்.

4.0 அச்சு வேறுபாடுகள்

4.1 இரட்டித்த அச்சு

அச்சு வேறுபாடுகளுள் பெரிதும் பேசப்படுவது 1955ஆம் ஆண்டின் அமெரிக்க லிங்கன் சென்ட் ஆகும். அக்காலத்தில் தாயச்சை ஒருமுறை அழுத்துவதால் மட்டும் உருவம் முழுமையாகப் பதிவதில்லை. ஒருமுறை அழுத்தி, இறுகிய எஃகைச் சூடேற்றி மென்மையாக்கி, மீண்டும் அழுத்துவர். பிலடெல்பியா நாணயச் சாலையில் அவ்வாறு மறுமுறை அழுத்தியபோது, ஓர் அச்சு சற்றே சுழன்ற நிலையில் அமைந்துவிட்டது. விளைவாக ஆண்டும் முன்பக்கத்துச் சொற்களும் இரண்டிரண்டாகப் பதிந்தன. பிழை கண்டறியப்படுவதற்குள் அக்காசுகள் மற்ற எந்திரங்களில் அடிக்கப்பட்ட காசுகளோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்காகக் குவியல் முழுவதையும் உருக்க வேண்டியிருக்கும் என்பதால் அப்படியே வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 முதல் 24,000 காசுகள் வரை புழக்கத்திற்கு வந்தன என்று கணிக்கப்படுகிறது.

விலை மிகுந்தமையால் போலிகளும் பெருகின. உண்மையான காசை அறிய இரட்டித்த எழுத்துகளை மட்டும் நோக்குவது போதாது. மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உண்மைக் காசுகளின் பின்பக்கத்தில், ‘சென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துக்கு இடப்புறமாக மிக நுண்ணிய செங்குத்துக் கோடுகள் காணப்படும். அச்சை மெருகேற்றியபோது உண்டான கீறல்களே அவை. பிழை செய்த முன்பக்க அச்சோடு இணைந்து உழைத்த பின்பக்க அச்சின் தற்செயலான அடையாளம் இங்குச் சான்றாகிறது.

இரட்டித்த அச்சைப் போலவே தோன்றும் வேறு இரண்டு நிலைகள் உள்ளன. அச்சு எந்திரத்தில் தளர்ந்திருந்தால், அடித்து மீளும்போது அது சற்றே நகர்ந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக நசுக்கிவிடும். அப்போது எழுத்தின் அருகில் தாழ்வான படிக்கட்டுப் போன்ற ஒன்று தோன்றும்; எழுத்தின் தடிப்பும் குறையும். உண்மையான இரட்டிப்பிலோ இரண்டாம் உருவம் உருண்டு திரண்டிருக்கும். எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தெரியும். எழுத்து மொத்தத்தில் தடித்துக் காணப்படும். மற்றொரு நிலை அச்சின் தேய்மானத்தால் வருவது. நெடிதுழைத்த அச்சில் எழுத்துகளின் ஓரம் அரிக்கப்பட்டு, காசில் அவை வீங்கியும் நிழல் படிந்தவை போன்றும் தோன்றும். அதே 1955ஆம் ஆண்டின் வேறு சில சென்ட்களில் ஆண்டின் கடைசி இலக்கம் இவ்வாறு இரட்டித்ததுபோல் இருக்கும். சேகரிப்போர் அதனை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று வேடிக்கையாக அழைப்பர். ஒன்று பெருவிலை பெறுவது. மற்றொன்று சிறுவிலையே பெறுவது. ஆண்டு ஒன்றாயினும் பிழையின் காரணம் வேறு.

4.2 மெருகேற்றலால் இழந்த உருவம்

1937ஆம் ஆண்டில் டென்வர் நாணயச் சாலையில் அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் காசுகள் சிலவற்றில் காட்டெருமைக்கு மூன்று கால்களே உள்ளன. அச்சு மோதலின் சுவடுகளை நீக்குவதற்காக அச்சை அளவு கடந்து தேய்த்ததால் முன்னங்கால் ஒன்றின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. இக்காசுக்கும் போலிகள் உண்டு. நான்கு கால் உள்ள காசில் ஒரு காலைச் சுரண்டி நீக்கிவிடுவதே போலி செய்வோரின் வழி. ஆனால் உண்மைக் காசில் எருமையின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே சிறு மேட்டுப் புள்ளிகள் ஒழுங்கற்று இறங்கும். பின்னங்காலும் அரித்தது போன்று மெலிந்திருக்கும். காலைச் சுரண்டலாம், இல்லாத மேட்டுப் புள்ளிகளை எழுப்புவது எளிதன்று. மேடும் பள்ளமும் பற்றிய விதி இங்கு மீண்டும் துணைநிற்கிறது.

1922ஆம் ஆண்டின் சென்ட் காசும் இவ்வகையதே. அவ்வாண்டில் அமெரிக்காவில் டென்வர் நாணயச் சாலை மட்டுமே சென்ட் காசுகளை அடித்தது. ஆகவே அனைத்திலும் டென்வரைக் குறிக்கும் எழுத்து இருத்தல் வேண்டும். ஆயினும் அவ்வெழுத்து இல்லாத காசுகள் கிடைக்கின்றன. நாணயச் சாலையின் ஆவணமும் காசும் முரண்படும் இவ்விடத்தில், அச்சின் தேய்மானமும் மெருகேற்றலுமே விடையாகின்றன.

4.3 பொருந்தா இணை

ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டு அச்சுகள் இணைவதும் உண்டு. 2008ஆம் ஆண்டில் பிரிட்டனின் 20 பென்ஸ் காசு புதிய வடிவம் பெற்றது. அதுவரை பின்பக்கத்தில் இருந்த ஆண்டு, புதிய வடிவில் முன்பக்கத்திற்கு மாற்றப்பட்டது. ஆனால் பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் எந்திரத்தில் இணைந்துவிட்டமையால், எந்தப் பக்கத்திலும் ஆண்டு இல்லாத காசுகள் புழக்கத்திற்கு வந்தன. இங்கு இரண்டு அச்சுகளிலும் குறை எதுவுமில்லை, இணைப்பே பிழை. அச்சுகள் உள்ளவரை அப்பிழை தொடர்ந்து நிகழ்வதால் இதனையும் அச்சு வேறுபாடுகளோடு சேர்த்தே ஆராய்வர்.

4.4 விரும்பி அமைத்த வேறுபாடு

வேறுபாடு எல்லாம் பிழையாகா. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ ஆகியவற்றுக்கென வெளியிடப்பட்ட 1961ஆம் ஆண்டின் 10 காசு நாணயங்களில் சிலவற்றில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தும், வேறு சிலவற்றில் ‘கே’, ‘என்’ என்னும் எழுத்துகளும் சிறிதாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அடித்த நிறுவனம் எது என்பதைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே இடப்பட்ட குறிகள் இவை. இந்தியக் காசுகளில் ஆண்டின் கீழ்க் காணப்படும் விண்மீன், புள்ளி முதலிய குறிகளும் இத்தகையனவே. இவற்றைப் பிழை என்று கூறி விற்பாரும், நம்பி வாங்குவாரும் இன்றும் உளர்.

5.0 அடிப்புப் பிழைகள்

வில்லை வளையத்திற்குள் சரியாக அமராதபோது உருவம் ஒருபுறம் ஒதுங்கிப் பதியும்; மறுபுறம் வெறுமையாக நிற்கும். இத்தகைய காசில் ஆண்டு தெளிவாகத் தெரியுமாயின் சேகரிப்போர் அதனை மிகுதியும் விரும்புவர். வளையமே இல்லாத நிலையில் அடிக்கப்பட்ட காசு அகன்று பரந்து, விளிம்பின்றிக் காணப்படும்.

பாளத்திலிருந்து வில்லையை வெட்டும்போது, முன்பே வெட்டப்பட்ட துளையின் மீது வெட்டுக்கருவி மீண்டும் இறங்கினால், பிறைவடிவில் ஒரு பகுதி குறைந்த வில்லை கிடைக்கும். காசை அரத்தால் அராவியும் இவ்வடிவைச் செய்யலாமாதலால் இங்கு ஐயம் எழுவது இயல்பே. குறைந்த பகுதிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பார்த்தால் உண்மை புலப்படும். ஓரத்தை உருட்டி மேடாக்கும் கருவியில், குறையுள்ள பகுதி ஒருபுறம் வரும்போது அதற்கு எதிர்ப்புறம் போதிய அழுத்தம் பெறாது. ஆகவே உண்மையான பிழைக்காசில் எதிர்விளிம்பு பெரும்பாலும் மங்கிக் காணப்படும். அராவிய காசில் எதிர்விளிம்பு செவ்வனே இருக்கும்.

அடிக்கப்பட்ட காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு வெளியேறாமல் நின்றுவிடின், அடுத்து வரும் வில்லையின் ஒரு பக்கத்தில் அக்காசே அச்சாகிவிடும். விளைவாக அவ்வில்லையின் ஒரு பக்கத்தில் உருவம் மேடாகவும், மறுபக்கத்தில் அதே உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதியும். உரோமக் குடியரசுக் காலத்து வெள்ளிக் காசுகளில் இத்தகையன பல கிடைத்துள்ளன. இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் இறுக்கினாலும் பள்ளமான உருவம் பதியும். ஆனால் அவ்வாறு செய்யும்போது காசில் முன்பே இருந்த மேட்டுருவங்கள் நசுங்கித் தட்டையாகும். பதிந்த உருவத்தின் அடியில் பழைய உருவத்தின் எச்சமும் தெரியும்.

உலோகம் மாறிய வில்லைகளும் இப்பிரிவில் அடங்கும். இரண்டாம் உலகப்போரின்போது செம்பின் தேவை மிகுந்ததால், 1943ஆம் ஆண்டில் அமெரிக்கச் சென்ட் காசுகள் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டன. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் மிகச் சில எந்திரத்திற்குள் சென்று காசுகளாயின. எஃகுக் காசின் எடை ஏறத்தாழ 2.7 கிராம், வெண்கலக் காசின் எடை 3.11 கிராம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவோர் பலர். காந்தத்தின் அருகில் கொண்டு சென்றால் எஃகு ஒட்டிக்கொள்ளும். காந்தத்திற்கு ஒட்டாவிடினும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. 1948ஆம் ஆண்டுக் காசின் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவதும் வழக்கமாதலால், கடைசி இலக்கத்தின் வடிவத்தை உண்மையான 1943ஆம் ஆண்டு எஃகுக் காசோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

6.0 வெளியேறிய பின் நேர்ந்தவை

தீ, அமிலம், உப்புநீர், எந்திரச் சக்கரம் ஆகியவற்றில் சிக்கிய காசுகள் விந்தையான தோற்றம் பெறுகின்றன. அமிலத்தில் கிடந்த காசு மெலிந்து எடை குறையும். உருவமோ ஒழுங்காகவே சுருங்கி நிற்கும். இவை சேகரிப்போர்க்குப் பயனற்றவை. ஆயினும் ஆய்வாளர்க்கு அவ்வாறு ஒதுக்கிவிடுதல் தகாது.

1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. மேடும் பள்ளமும் பற்றிய விதிப்படி இஃது அச்சின் குறையன்று. காசு அடிக்கப்பட்ட பின்னர் ஒவ்வொன்றாக இடப்பட்ட வெட்டு. அக்காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்காகவே இவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் கருத்துகளுள் ஒன்று. காரணம் எதுவாயினும், உரோமில் அடிக்கப்பட்ட காசு பின்னாளில் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்கு அத்தழும்பு சான்றாகிறது. சேகரிப்போர் ‘சேதம்’ என்று விலை குறைக்கும் ஒன்று வரலாற்றுக்கு ஆவணமாகிவிடுகிறது.

7.0 பண்டைக் காசுகளும் எழுத்துச் சான்றும்

இதுவரை கண்ட வேறுபாடு, காசின் எழுத்துகளைப் படித்து முடிவு கூறுவோர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை மத்தியப் பிரதேசத்தின் எரண் என்னும் ஊரில் கிடைத்த காசு காட்டும். அலெக்ஸாண்டர் கன்னிங்காம் வெளியிட்ட அக்காசில் தர்மபாலன் என்பானின் பெயர் பிராமி எழுத்தில், வலமிருந்து இடமாக அமைந்துள்ளது. பிராமி இடமிருந்து வலமாக எழுதப்படுவது. செமித்திய எழுத்திலிருந்தே பிராமி தோன்றியது என்னும் கொள்கையுடைய பியூலர், பிராமி தொடக்கத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்பதற்கு இக்காசை ஒரு சான்றாகக் கொண்டார். 1895ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வில் இக்கருத்து இடம்பெற்றது.

அச்சு செதுக்குவோனின் பணியை எண்ணிப் பார்ப்போம். காசில் எழுத்து நேராக வரவேண்டுமாயின் அச்சில் அதனை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மறதியால் தான் வழக்கமாக எழுதுவதுபோலவே அவன் செதுக்கிவிட்டால், காசில் எழுத்து வலமிருந்து இடமாகவே வரும். எரண் காசின் நிலையையும் இவ்வாறே விளக்க இயலும் எனப் பிற்கால அறிஞர் பலர் எடுத்துரைத்தனர். அசோகரின் எர்ரகுடிச் சாசனத்தில் சில வரிகள் வலமிருந்து இடமாகச் செல்வதால், பிராமியின் எழுதுதிசை பற்றிய ஆராய்ச்சி தனியே தொடரத்தக்கதே. ஆனால் ஓர் அச்சின் சாட்சியை வைத்து ஓர் எழுத்துமுறையின் வரலாற்றை நிறுவ இயலாது. அவ்வச்சினால் அடிக்கப்பட்ட நூறு காசுகள் கிடைப்பினும் சாட்சி ஒன்றே. காசுகளை எண்ணுவதினும் அச்சுகளை எண்ணுவதே முறையாகும்.

தமிழகக் காசுகளுக்கும் இது பொருந்தும். ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்த பாண்டியரின் செப்புக் காசும், ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயர்கள் பொறித்த சேரரின் வெள்ளிக் காசுகளும் சங்ககால வரலாற்றுக்குப் பெருந்துணை செய்தன. இத்துறையில் உழைத்தவருள் இரா. கிருஷ்ணமூர்த்தி குறிப்பிடத்தக்கவர். இத்தகைய காசுகளில் ஓர் எழுத்தின் கூடுதல் கோடு உண்மையில் எழுத்துறுப்பா, அச்சின் விரிசலா, பிற்காலக் கீறலா என்பதைப் பொறுத்து ஓர் அரசனின் பெயரே மாறிவிடக்கூடும். அதே அச்சினால் அடிக்கப்பட்ட மற்றொரு காசில் அக்கோடு இல்லையாயின் அது கீறல் அல்லது பின்னர்த் தோன்றிய விரிசல். வேறு அச்சுகளிலும் உள்ளதாயின் அஃது எழுத்துறுப்பு.

அச்சை ஒப்பிடுவதால் இழப்பும் ஈடாகிறது. சோழர், நாயக்கர் காலச் செப்புக் காசுகள் பலவற்றில் அச்சைவிட வில்லை சிறியது. ஆகவே ஒரு காசில் முதலெழுத்துகளும், மற்றொன்றில் ஈற்றெழுத்துகளும் மட்டுமே விழுந்திருக்கும். ஒரே அச்சின் காசுகள் இவை என்று நிறுவிய பின்னரே அவற்றை இணைத்து முழுத் தொடரையும் படிக்க இயலும். வேறு வேறு அச்சுகளின் துண்டுகளை இணைத்தால், எங்கும் இல்லாத ஒரு தொடரை நாமே படைத்தவராவோம்.

1807-08ஆம் ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக் காசுகள் இன்னொரு வகைக்கு எடுத்துக்காட்டு. ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும், தமிழ், தெலுங்கு முதலிய எழுத்துகளும் கொண்ட இவற்றுள் சிலவற்றில், அடியில் இசுபானிய வெள்ளி நாணயத்தின் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. பழைய காசின் மீதே புதிய அச்சை அடித்ததன் சுவடு அது. கோபுரத்தின் இருபுறமும் உள்ள விண்மீன்களின் எண்ணிக்கையும் அச்சுக்கு அச்சு வேறுபடுகிறது. ஒரே காசில் அச்சு வேறுபாட்டையும் வில்லையின் வரலாற்றையும் சேர்த்தே இங்குக் காணலாம்.

8.0 ஆய்வு செய்யும் ஒழுங்கு

ஐயத்திற்குரிய காசு ஒன்று கைக்கு வரும்போது பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

முதலாவது, காசைத் துலக்குதல் கூடாது. துலக்கினால் உலோகத்தின் இயல்பான மேற்பரப்பும் அதிலுள்ள சான்றும் அழியும்; மதிப்பும் குறையும். காசை ஓரத்தைப் பிடித்தே கையாளுதல் நன்று.

இரண்டாவது, கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் தராசில் எடையிட்டு, விட்டத்தை அளந்து, அதிகாரபூர்வ அளவுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். காந்தச் சோதனையும் இப்போதே செய்யத்தக்கது.

மூன்றாவது, விளிம்பைச் சுற்றி நோக்கி, இணைப்புக் கோடு, அரத்தின் தடம், வார்ப்புப் போலியின் நடுக்கோடு ஆகியன உளவா என்று காணுதல் வேண்டும்.

நான்காவது, பத்து மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ், பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபுறங்களையும் நோக்கி, ஒவ்வோர் அடையாளமும் மேடா பள்ளமா என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாவது, இரு பக்கங்களின் திசையை நோக்குதல் வேண்டும். பிரிட்டிஷ் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கம் நேராக நிற்கும். அமெரிக்கக் காசை மேல்கீழாகத் திருப்பினால்தான் மறுபக்கம் நேராக நிற்கும். அந்நாட்டின் மரபை அறியாமல் ‘திரும்பிய அச்சு’ என்று முடிவு செய்தல் தவறு.

இறுதியாக, அதே ஆண்டின் இயல்பான காசு ஒன்றோடும், அதே பிழை உடையதாக முன்னரே பதிவுபெற்ற காசின் தெளிவான படத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். அச்சு வேறுபாடாயின் மற்றொரு காசிலும் அதே இடத்தில் அதே வடிவில் காணப்படும். ஒரே காசில் மட்டும் இருப்பின், அஃது அடிப்புப் பிழையாகவோ பிற்காலச் சிதைவாகவோ இருத்தல் வேண்டும். அந்நிலையில், நாணயச் சாலையின் எந்தப் படிநிலையில் இவ்வாறு நேர்ந்திருக்க இயலும் என்று வினவுதல் வேண்டும். எந்தப் படிநிலையிலும் நேர இயலாதாயின், காசு வெளியே சென்ற பின்னர் நேர்ந்ததே அது.

9.0 முடிவுரை

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு படியில் மட்டும் காணப்படும் பிழை அப்படியை எழுதியவருடையது. பல படிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருப்பின், அவை பொதுவான ஒரு முன்படியிலிருந்து வந்தவை என்று கொள்கிறோம். பல படிகள் என்பதனால் பல சாட்சிகள் ஆகிவிடுவதில்லை. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களைக் குறித்துவைத்ததனால் பின்வந்தோர் மூலத்தை மீண்டும் ஆராய முடிந்தது. காசின் அச்சு வேறுபாடுகளைப் பதிவு செய்வதும் அத்தகைய பணியே.

இதனை வகுப்பறையிலும் எளிதாகக் கற்பிக்கலாம். சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டுமுதல் வெளிவந்த காசு வரிசைகளில் நாட்டின் பெயர் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய காசுகள் பத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் மாணவரிடம் கொடுத்து, தமிழெழுத்துகளில் காணும் ஒவ்வொரு மாறுபாடும் எப்போது நேர்ந்தது என்று எழுதச் செய்யலாம். நம்மிடம் இருதலைக் காசைக் கொண்டுவந்த ஆசிரியர் இப்போது அதைத்தான் தம் பேரப்பிள்ளைகளிடம் செய்துவருகிறார். விலை கொடுத்து வாங்கிய அக்காசையும் அவர் எறிந்துவிடவில்லை. பிள்ளைகளின் கையில் முதலில் அதைக் கொடுத்து, விளிம்பருகே உள்ள வட்டக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்.